தலைக்கு வந்ததும் தலைப்பாகையோடு போனதும்

“தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. பேரிடர் ஒன்று சிற்றிழப்போடு நீங்கியவிடத்து இதனைச் சொல்லி ஆறுதலடைவது வழக்கம். இப்பழமொழி பிறந்த காலத்தில் தலைப்பாகை என்பது சொல்வோர்க்கும் கேட்போர்க்கும் அன்றாடம் கண்ணிற் படும் பொருளாயிருந்திருத்தல் வேண்டும். இன்று பழமொழி எஞ்சியிருக்கிறது, தலைப்பாகையைக் காணோம். அதன் பின்னர் வந்த ஆங்கிலத் தொப்பியும் போய்விட்டது. ஒரு காலத்தில் மதிப்புடைய உத்தியோகத்தர் பலர் வெறுந்தலையோடு அலுவலுக்குப் புறப்படத் தயங்கினர். இன்றோ தலையை மூடிக்கொண்டு புறப்படுபவரையே ஊரார் திரும்பிப் பார்க்கின்றனர். இம்மாற்றம் ஏன் நிகழ்ந்தது, நிகழாதிருக்க வழியேதும் இருந்ததா என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றைச் சற்றே பற்றி இழுத்தால் எமது சமூகத்தின் மரியாதை முறை முழுவதும் கூடவே வருகின்றது.

திருகோணமலைத் துறைமுகத்தின் சுற்றுப்புறத்தே, கப்பல்துறை, சீனன்குடா, தம்பலகாமம் ஆகிய ஊர்களில் வாழ்ந்தோருக்குக் கச்சான் காற்றின் இயல்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையையெல்லாம் பொழிந்துவிட்டு, ஈரமிழந்து, வெப்பமேறி, கிழக்குக் கரையை நோக்கி இறங்குகின்றது. வைகாசி, ஆனி, ஆடி மாதங்களிலே வெப்பநிலை 35 பாகை செல்சியசை எட்டுவது இங்கு வியப்பன்று. நண்பகலில் வீதியின் தார் இளகும். குடாவின் நீர்ப்பரப்பைக் கண் கூசாமற் பார்த்தல் இயலாது. இத்தகைய ஊரிலே தலையை மூடும் வழக்கம் தானாகவே நிலைத்திருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு நிகழவில்லை. வெயில் சிறிதும் குறையவில்லை. தலையணி மட்டும் மறைந்தது. ஆகவே, தலையணியை அதுகாறும் வாழவைத்தது வெயில் மட்டுமன்று என்னும் முடிபுக்கே நாம் வரவேண்டியுள்ளது. அதனை வாழவைத்த மற்றொன்று யாது?

பழைய நிழற்படங்களைப் பார்ப்பவர்க்கு இவ்வினாவின் விடை ஓரளவு புலப்படும். சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களைத் தலைப்பாகையில்லாமல் நினைவுகூர்தல் கடினம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் தோற்றமும் அத்தகையதே. இவர்கள் இருவரும் அரச அலுவலோடும் நீதித்துறையோடும் தொடர்புடையவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. மறுபுறம், ஆறுமுக நாவலர் அவர்களின் படத்திலே தலைப்பாகை இல்லை. உருத்திராக்கமும் திருநீறுமே உள. சைவ மடத்தின் ஒழுக்கத்திலே தலையை மூடுதற்கு இடமில்லை. கந்தோரின் ஒழுக்கத்திலேயோ தலைப்பாகையில்லாமல் நிற்பதற்கு இடமில்லை. வேட்டி, கழுத்துவரை பூட்டிய கோட்டு, தலைப்பாகை என்னும் மூன்றும் சேர்ந்ததே சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழ் உத்தியோகத்தரின் முழு உடையாகக் கருதப்பட்டது. வெயிலில்லாத அறைக்குள்ளே நாற்காலியில் அமர்ந்து படம் பிடிப்பித்தவர்களும் அதனைக் கழற்றவில்லை.

கீழைத்தேயத்தாரின் மரியாதை முறையிலே பெரியோர் முன்னிலையிற் காலணியைக் கழற்றுவர், தலைப்பாகையைக் கழற்றார். அரசவையிலே வெறுந்தலையோடு நிற்பது அவமதிப்பாகும். மேலைத்தேயத்தாரின் முறை இதற்கு நேர்மாறானது. அவர்கள் காலிலுள்ள சப்பாத்தோடு உள்ளே வருவர், தொப்பியைக் கழற்றுவர். இவ்விரு முறைகளும் தனித்தனியே நின்றவரை எவருக்கும் இடர் விளையவில்லை. ஒரே மனிதன் சப்பாத்தும் அணிந்து, தன் மரபுக்குரிய தலையணியும் அணிந்து ஒரே மண்டபத்துள் நுழைந்தபொழுதே சிக்கல் எழுந்தது.

இலங்கையில் அச்சிக்கல் 1905 ஆம் ஆண்டில் நீதிமன்றம்வரை வந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த முஸ்லிம் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் அவர்கள் துருக்கித் தொப்பி அணிந்து உயர் நீதிமன்றத்தில் தோன்றியதைப் பிரதம நீதியரசர் லெயாட் ஏற்க மறுத்தார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து, 1883 இல் நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த அராபி பாஷாவும் அவரோடு வந்தோரும் இங்கு தங்கியிருந்த காலத்திலேதான் அத்தொப்பி இலங்கை முஸ்லிம்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. மறுப்புச் செய்தி பரவியதும் முஸ்லிம்கள் ஒன்றுதிரண்டனர். 1905 டிசெம்பர் 31 இல் மருதானைப் பள்ளிவாசல் வளவிலே பெருங்கூட்டம் ஒன்று நடைபெற்றது. முடிவில் தொப்பியோடு நீதிமன்றத்தில் தோன்றும் உரிமை கிடைத்தது. தலையிலே வைக்கும் ஒரு பொருளுக்காக ஒரு சமூகமே திரண்டதெனின், அப்பொருள் வெறும் துணியும் குஞ்சமும் அன்று என்பது வெளிப்படை.

இதன் பின்கதையும் சிந்திக்கத்தக்கது. துருக்கியிலே சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829 இல் அரச ஊழியர்க்குரியதாக விதித்த அத்தொப்பியை, 1925 நவம்பரில் முஸ்தபா கமாலின் அரசு சட்டத்தினால் விலக்கி, விளிம்புள்ள மேனாட்டுத் தொப்பியைப் புகுத்தியது. இலங்கையிலே இருபது ஆண்டுகளுக்கு முன் போராடிப் பெற்ற உரிமை, அத்தொப்பியின் தாயகத்திலே குற்றமாயிற்று. பழைமையின் சின்னம், புதுமையின் சின்னம், அடிமையின் சின்னம், விடுதலையின் சின்னம் என ஒரே தலையணி இடத்துக்கிடம் மாறி நிற்கக் காண்கின்றோம். தலையணிக்கென்று நிலையான பொருள் இல்லை. அதனைக் காண்போரின் கண்ணிலேயே அதன் பொருள் இருக்கின்றது.

தமிழரிடையே இவ்வாறான போராட்டம் எதுவும் எழவில்லை. ஆனந்த குமாரசுவாமி அவர்கள் இலங்கையர் மேனாட்டு உடையைக் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்து எழுதினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்ற முன்னின்றார். ஆனால் காலத்தின் போக்கு வேறாயிருந்தது. வேட்டியின் இடத்துக்குக் காற்சட்டை வந்தது. காற்சட்டையோடு தலைப்பாகை பொருந்தாதெனக் கருதியோர் தொப்பிக்கு மாறினர். ஐரோப்பியரைத் தொப்பிக்காரர் என்று சுட்டிய மக்களின் பிள்ளைகளே தொப்பிக்காரராயினர்.

இங்கு வந்த தொப்பிகளுள் முதன்மை பெற்றது சோலாத் தொப்பியாகும். அதனைச் சூரியனோடு தொடர்புபடுத்திப் பலர் பொருள்கொண்டனர். உண்மையில் சோலா என்பது ஒரு நீர்த்தாவரத்தின் வட இந்தியப் பெயர். தமிழிலே அதற்கு நெட்டி என்று பெயர். குளக்கரையிலும் சதுப்பிலும் வளரும் அச்செடியின் தண்டு வெண்மையானது, பஞ்சுபோல் எடையற்றது, வெப்பத்தை எளிதிற் கடத்தாதது. தஞ்சாவூரார் அதனைச் செதுக்கிக் கோயில்களின் சிற்றுருவங்கள் செய்வர். மாட்டுப் பொங்கலன்று மாடுகளுக்கு நெட்டிமாலை அணிவிப்பர். எமது மாட்டின் கழுத்துக்கு மாலையான அதே நெட்டிதான் ஆங்கில அதிகாரியின் தலைக்குக் கவசமாயிற்று. கீழைநாட்டு வெயில் வெள்ளையரின் மண்டையோட்டை ஊடுருவி மூளையைத் தாக்கும் என்னும் நம்பிக்கை அக்கால மருத்துவரிடையேயும் நிலவியது. ஆகையால் அத்தொப்பி உடையாக மட்டுமன்றி மருந்தாகவும் கருதப்பட்டது. எமக்கு அவ்வச்சம் இல்லை. எனினும் நாமும் அதனை வாங்கி அணிந்தோம். அவர்கள் வெயிலுக்கு அஞ்சி அணிந்ததை நாம் மதிப்பு வேண்டி அணிந்தோம்.

திருகோணமலையிலே அம்மதிப்புக்குச் சந்தை பெரிதாயிருந்தது. 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்த இத்துறைமுகம், அவர்களின் கடற்படைக்குரிய தலையாய தளங்களுள் ஒன்றாயிற்று. சீனன்குடாவை அண்டி எழுந்த 99 எண்ணெய்த் தாங்கிகள் அதன் பருமனை இன்றும் காட்டுவன. 1942 பெப்ரவரியிலே சிங்கப்பூர் வீழ்ந்ததும் அதன் முக்கியத்துவம் மேலும் உயர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியமைக்கும் அதுவே காரணம். கப்பற்பட்டறையிலும் களஞ்சியங்களிலும் பணிபுரியப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தனர். எழுதுவினைஞர் ஒருபுறம், சுமைதூக்குவோர் மறுபுறம் என அமைந்த அவ்வுலகிலே ஒருவரின் நிலையை அறிய அவரின் தலையைப் பார்த்தலே போதுமானதாயிருந்தது.

என் பாட்டனார் அங்கு எழுதுவினைஞராயிருந்தவர். அவரின் சோலாத் தொப்பி எங்கள் வீட்டு முன்விறாந்தையின் ஆணியிலே நெடுங்காலம் தொங்கியது. காக்கித் துணி வெளிறி, விளிம்பிலே நெட்டி வெளித்தெரியும் நிலையிலும் அதனை எவரும் அகற்றவில்லை. அத்தொப்பியைப் பற்றி அவர் சொன்னவற்றுள் ஒன்று என் மனத்திலே ஆழமாகப் பதிந்தது. மேலதிகாரி எதிரே வரும்பொழுது இவர் தொப்பியைக் கழற்றி வணக்கஞ் சொல்வாராம். அதே வேளையிலே பக்கத்தில் நின்ற சுமை தூக்குபவர் தலையிற் கட்டிய துவாயை அவிழ்த்துக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு நிற்பாராம். இருவரும் செய்தது ஒன்றே. இருவரும் தலையை வெறுமையாக்கினர். ஆயினும் தொப்பியைக் கழற்றுதல் நாகரிகம் எனப்பட்டது. துவாயை அவிழ்த்தல் பணிவு எனப்பட்டது. தொப்பி கழற்றியவருக்கு அதிகாரி பதில் வணக்கஞ் சொல்வார். துவாய் அவிழ்த்தவருக்குப் பதில் வணக்கம் இல்லை. “அந்தப் பதில் வணக்கத்துக்காகத்தான் அந்தத் தொப்பி” என்று பாட்டனார் சிரித்துக்கொண்டே சொல்வார். தொப்பியின் வரலாற்றை அவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறெவரையும் நான் அறியேன்.

இங்ஙனம் பதில் வணக்கத்திலே உயிர்வாழ்ந்த தொப்பி, பதில் வணக்கஞ் சொல்வோர் போய்விட்டபின் எவ்வாறு வாழும்? 1956 இல் ஆட்சி மாறியபொழுது தேசிய உடை அதிகாரத்தின் உடையாயிற்று. அவ்வுடையோடு ஆங்கிலத் தொப்பி சேராது. 1957 ஒக்டோபர் 15 இல் திருகோணமலைக் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. ஆங்கிலக் கொடி இறங்கியபின் சோலாத் தொப்பிகள் ஆணிகளிலே தங்கின. அவற்றை எவரும் தடைசெய்யவில்லை, எவரும் எரிக்கவுமில்லை. யாருக்காகக் கழற்றுவதற்கு அணிந்தனரோ அவர் இல்லாதவிடத்து அணிவதும் பொருளற்றதாயிற்று.

மேலைநாட்டிலும் தொப்பி அதே காலப்பகுதியிலேயே மறைந்தது. அமெரிக்க சனாதிபதி கென்னடி 1961 ஜனவரியிலே வெறுந்தலையோடு பதவியேற்றமையால்தான் அங்கு தொப்பி ஒழிந்தது என்று சொல்வோர் உளர். இது பிழையான கூற்று. அவ்விழாவுக்குக் கென்னடி உயர்ந்த பட்டுத் தொப்பியோடுதான் வந்தார். உரையாற்றும்பொழுது மட்டுமே அதனைக் கழற்றியிருந்தார். தொப்பியின் வீழ்ச்சி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. மோட்டார் வண்டிகளின் கூரை தாழ்ந்ததும், நடந்து செல்லும் தூரம் குறைந்ததும், போரிலே சீருடை அணிந்து சலித்தோர் வீடு திரும்பியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றோடு மற்றொன்றையும் சேர்க்கலாம். வீதியிலே எதிர்ப்படுவோர்க்குத் தொப்பியைத் தூக்கி வணக்கஞ் சொல்லும் முறை, ஒருவரையொருவர் அறிந்த சிறு நகரத்துக்கு உரியது. முன்பின் அறியாதோர் ஆயிரவர் நெருக்கியடித்துச் செல்லும் பெருநகரிலே அம்முறை தளர்ந்தது. சோலாத் தொப்பியைப் பொறுத்தவரை, இரண்டாம் உலகப் போரிலே கீழைநாடுகளிற் போரிட்ட படையினர் அதனைக் கைவிட்டும் வெயிலாற் கெட்டொழியவில்லை. மருத்துவ அச்சம் பொய்த்தபின் மருந்தும் தேவையற்றதாயிற்று.

எம்மவரின் தலைப்பாகைக்கு நேர்ந்தது இதனின்றும் சற்று வேறுபட்டது. குடுமி வைத்திருந்த காலத்திலே தலைப்பாகை அதனை அடக்கி மறைத்தது. குடுமியைக் களைந்து, தலைமயிரைக் கத்தரித்து, எண்ணெய் பூசி, வகிடெடுத்து வாரத் தொடங்கியபின் தலைமயிரே அணியாயிற்று. காட்டவேண்டியதை மூடுவார் யார்? அன்றியும், வெயிலைத் தடுக்கும் பணியைக் குடை ஏற்றுக்கொண்டது. தோளிலே சால்வையும் கையிலே குடையுமாகச் செல்லும் பள்ளிக்கூட வாத்தியாரின் தோற்றம் எம் ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. என் தந்தையாரும் அவ்வாறே சென்றவர். தலைப்பாகை தாங்கிய இரு பணிகளுள் நிழல் தருவது குடைக்குச் சென்றது. மதிப்புத் தருவது சால்வைக்குச் சென்றது. துணி அழியவில்லை, தலையிலிருந்து இறங்கித் தோளிலே தங்கிற்று என்று கூறுதல் பொருந்தும்.

இவ்விடத்திலே நாம் எளிதிற் கடந்துவிடக் கூடாத உண்மையொன்று உளது. தோளிலே சால்வை இடும் உரிமை எம் சமூகத்தில் எல்லோர்க்கும் இருந்ததன்று. ஒடுக்கப்பட்ட சாதியினர் சால்வையைத் தோளில் இடலாகாது, தலையிற் கட்டிய துணியை உயர்த்தப்பட்டோர் எதிரே அவிழ்த்து அரையிற் கட்டவேண்டும் என்ற கட்டுப்பாடுகள் ஊர்தோறும் இருந்தன. ஆங்கில அதிகாரியின் முன் துவாயை அவிழ்த்தவர், அதே துவாயைத் தம் ஊர்ப் பெரியவர் முன்னிலையிலும் அவிழ்த்தவரே. சாதியின் பெயரால் ஒருவரைப் பொது இடங்களிலே தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இலங்கையில் நிறைவேறியதும் 1957 ஆம் ஆண்டிலேதான். கடற்படைத்தளம் கைமாறியதும் அவ்வாண்டே என்பது தற்செயலான ஒற்றுமை. எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். அடிமைத்தனத்தின் இரு சடங்குகளும் ஏறத்தாழ ஒரே காலத்திலே ஆட்டங்காணத் தொடங்கின. தலையிலே துணி கட்டினால் அதனை யாரேனும் ஒருவருக்காக அவிழ்க்க நேரிடும். கட்டாவிடின் அவிழ்க்க வேண்டியதில்லை. எத்தனையோ இளைஞர் வெறுந்தலையோடு வீதியில் நடந்தமைக்கு இவ்வுணர்வும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகின்றேன். ஆகவே தலையணியின் மறைவை வெறும் இழப்பாகக் கருதிப் புலம்புதல் முறையன்று. எத்தனையோ தலைகள் நிமிர்வதற்கு அது விலையாயிற்று.

அவ்வாறாயின், தலையணி எங்கெங்கே எஞ்சியிருக்கின்றது? எம் திருமணங்களிலே மாப்பிள்ளையும் மாப்பிள்ளைத் தோழனும் தலைப்பா அணிகின்றனர். முன்னர் பெரியவர் ஒருவர் மடித்துச் சுற்றிக் கட்டிவிட்டதை இன்று கட்டி முடித்த வடிவிலேயே, மணவறையோடு சேர்த்து, வாடகைக்குப் பெறலாம். கோயிலிலே சிறப்புச் செய்யப்படுவோர்க்குப் பரிவட்டம் கட்டுவர். கிண்ணியாவிலும் மூதூரிலும் தொழுகைக்குச் செல்லும் முஸ்லிம் அன்பர் தொப்பி அணிகின்றனர். மோட்டார்ச் சைக்கிளிற் செல்வோர் சட்டத்துக்காகத் தலைக்கவசம் அணிகின்றனர். தம்பலகாமத்து வயல்களிலே கதிர் அறுப்போர் துவாயைத் தலையிற் கட்டுகின்றனர். இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை தெளிவாகும். சடங்கோ, சமயமோ, சட்டமோ, உடலுழைப்போ பின்நிற்கும் இடத்திலே தலையணி வாழ்கின்றது. இந்நான்கும் இல்லாத பொதுவாழ்விலே, கற்றோரின் அன்றாடத்திலே, அது வாழவில்லை. நான்காவதான உழைப்போர் துவாயையோ கற்றோர் தலையணி என்று கணக்கிடுவதுகூட இல்லை.

இனி, அது பிழைத்திருக்கக்கூடிய வழி யாது என்னும் வினாவுக்கு வருவோம். விடைக்கு நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக்குடா உளது. 1660 இல் அங்கு வந்திறங்கிய ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் தப்பிச் சென்று, 1681 இல் இலங்கையைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அந்நூலிலே தாளிப்பனையோலையின் பயனை அவர் வியந்து கூறுகின்றார். விசிறிபோல் மடிந்து விரியும் அவ்வோலை ஒன்றே பதினைந்து இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என்றும், அதன் துண்டுகளை வழிப்போக்கர் கூர்முனை முன்னிருக்கத் தலைமேல் வைத்துப் பற்றைகளை விலக்கிச் செல்வர் என்றும், படைவீரரும் ஓலையைத் தம்முடன் எடுத்துச் செல்வர் என்றும் அவர் எழுதுகின்றார். இங்கு நாம் காணவேண்டியது ஓலையின் பருமனை அன்று. மண்ணிலே விளைந்ததும், விலையற்றதும், வழிப்போக்கனும் படைவீரனும் ஒருங்கே தாங்கியதும் ஆகிய தலைமறைவு ஒன்று எம்மிடம் இருந்தது என்பதே காணத்தக்கது. அதனைச் சோலாத் தொப்பி வெல்லவில்லை. அதன் அருகே நிற்கவும் விரும்பாத எம் மனப்பாங்கே வென்றது.

வியட்நாமிலே கூம்பு வடிவான ஓலைத் தொப்பி வயலிலும் உண்டு, படகிலும் உண்டு, நகரத்துச் சந்தையிலும் உண்டு. தென்னமெரிக்காவின் எக்குவடோர் நாட்டிலே உள்ளூர் ஓலை நாரால் பின்னப்படும் தொப்பி, பனாமாத் தொப்பி என்னும் பிழையான பெயரோடு உலகெங்கும் பரவியது. அப்பின்னற் கலையை யுனெஸ்கோ நிறுவனம் 2012 இல் மானிடத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. உழுவோன் அணிந்ததை ஊர்ப் பெரியவரும் அணிந்தமையே அத்தொப்பிகளின் ஆயுளுக்குக் காரணம் என்பது என் கருத்து. எம்மிடம் ஓலைக்கும் பஞ்சமில்லை, கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. கடகம், பெட்டி, நீற்றுப்பெட்டி, பாய், விசிறி என்று எத்தனையோ பொருள்களைப் பனையோலையாற் பின்னுகின்றோம். பனையோலைத் தொப்பியும் பின்னுகின்றோம். ஆனால் அதனை உல்லாசப் பயணிகளுக்கு விற்கின்றோம். வெள்ளையரின் தலைக்கு எம் நெட்டி சென்றதுபோலவே எம் ஓலையும் செல்கின்றது. எம் தலைமட்டும் வெயிலிலே நிற்கின்றது.

இதனை வாய்ப்பேச்சாக விடாமல், சென்ற சில ஆண்டுகளாகக் கச்சான் மாதங்களிலே பனையோலைத் தொப்பி அணிந்து கப்பல்துறை வீதியிலே நடந்து வருகின்றேன். கேலி வருமென்று எதிர்பார்த்தேன். வந்தது கேலியன்று, வினா. “என்ன மாஸ்டர், தோட்டத்துக்கோ?” என்று ஒருவர் கேட்டார். மற்றொரு நாள் வேறொருவர் அதையே கேட்டார். அவ்வினாவிலே தீமை எதுவுமில்லை. ஆயினும் அதனுள்ளே ஒரு நூற்றாண்டின் மரியாதைக் கணக்கு முழுவதும் அடங்கியுள்ளது. ஓலை தலையிலிருந்தால் உடலுழைப்புக்குச் செல்கின்றார். உடலுழைப்புக்குச் செல்லாதவர்க்கு ஓலை எதற்கு என்பதே அதன் உட்பொருள். நூலகத்துக்குச் செல்கின்றேன் என்று நான் சொன்னபொழுது அவர் முகத்திலே தோன்றிய குழப்பமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இன்றைய இளைஞர் விளையாட்டு வீரரின் முன்விளிம்புத் தொப்பியை அணிகின்றனர். அதனை முதியோர் சிலர் குறைகூறுவர். எனக்கோ அத்தொப்பியிடத்து ஒருவகை மதிப்புண்டு. அதனைப் பல்கலைக்கழக மாணவனும் அணிகின்றான், மீன்பிடிப்பவனும் அணிகின்றான், கட்டட வேலை செய்பவனும் அணிகின்றான். எவரும் எவர்க்காகவும் அதனைக் கழற்றுவதில்லை. தலைப்பாகைக்கும் சோலாத் தொப்பிக்கும் கைகூடாத சமத்துவம் அதற்குக் கைகூடியிருக்கின்றது. அதிலே பிறநாட்டு நிறுவனத்தின் பெயர் பொறித்திருப்பது மட்டுமே எனக்கு உறுத்துவது. அப்பெயரின் இடத்திலே எம் ஓலையின் பின்னல் இருந்தால் வேறொரு குறையும் இல்லை.

வெப்பம் ஆண்டுதோறும் உலகெங்கும் உயர்ந்துவரும் காலம் இது. வெயிலின் கொடுமை எல்லோர்க்கும் ஒன்றன்று. விரிவுரை மண்டபத்தின் மின்விசிறியின் கீழிருப்போர்க்கு ஒன்று. துறைமுகத்துச் சரக்குப் பாரங்களின் நடுவே நிற்போர்க்கும், வீதி திருத்துவோர்க்கும், உப்பளத்தில் உழைப்போர்க்கும் மற்றொன்று. அவர்கள் தலைமேல் ஒன்று வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆனால் அத்தொன்று தாழ்வின் அடையாளமாக இருக்கும்வரை, அவர்களின் பிள்ளைகள் அதனைத் துறந்து வெறுந்தலையோடு நிற்பதையே உயர்வென எண்ணுவர். அவர்களுக்கு அறிவுரை கூறுவதாற் பயனில்லை. கற்றவர்கள் தாமும் அணிந்தாலன்றி அத்தாழ்வு நீங்காது. தலையணி மறைந்தமைக்குக் காரணம் நாகரிகம் என்றும் காலம் என்றும் சொல்லி அமையலாம். ஆனால் உழைப்பவனின் தலையிலிருப்பது எமது தலைக்கு ஒவ்வாது என்று நாம் கருதியதே பெருங் காரணம். அக்கருத்தை விடுத்திருந்தால் அது பிழைத்திருக்கும். இன்று விடுத்தாலும் பிழைக்கும். பழமொழி சொல்லும் ஆறுதல் எமக்கு இன்னும் உரியதாகவில்லை: தலைப்பாகை போய்விட்டது; தலைக்கு வந்ததோ வைகாசிதோறும் வந்துகொண்டே இருக்கின்றது.